கேளுங்கள், சொல்கிறேன்: இந்த மாதம் முழுக்க விமான நிலையம்

போன இதழில் டிசம்பர் பயணத்தைப் பற்றி நாலு வரி எழுதினேன், அவ்வளவுதான். வந்த கடிதங்களில் பாதி தென்னாப்பிரிக்காவில் எங்கள் டர்பன் விமான நிலையத்தைப் பற்றியே. சரி, இந்த மாதம் அதையே பேசிவிடுவோம்.

பழைய விமான நிலையம் எங்கள் வீட்டிலிருந்து பதினைந்து நிமிடம். நன்றாக ஓடிக்கொண்டிருந்ததை எதற்காக அவ்வளவு தூரம் கொண்டுபோய் வைத்தார்கள்? (வாசகி, சாட்ஸ்வொர்த்)

அக்கா, உங்கள் கோபம் எனக்கும் உண்டு, நானும் தெற்குப் பக்கத்து ஆள்தான். ஒருவரை வழியனுப்ப மூன்று கார், ஒரு பானை பிரியாணி, பாட்டி உட்பட பன்னிரண்டு பேர் என்று கிளம்புகிற குடும்பங்களுக்கு இப்போது கிட்டத்தட்ட ஒரு மணி நேர ஓட்டம். ரயிலும் கிடையாது. ஆனால் காரணம் இல்லாமல் மாற்றவில்லை.

பழைய ஓடுபாதையின் நீளம் சுமார் 2.4 கிலோமீட்டர். முழு எரிபொருளும் முழுக் கூட்டமுமாக ஐரோப்பா வரை போகவேண்டிய பெரிய ஜம்போ அதில் ஓடி எழும்ப முடியாது. விமானம் கனமாக இருந்தால் மேலே ஏற அதிக வேகம் வேண்டும், அந்த வேகம் பிடிக்க நீளம் வேண்டும், டர்பன் வெயிலில் சூடேறிய காற்று மெலிந்து இறக்கைக்குப் பிடிமானம் குறையும்போது இன்னும் கொஞ்சம் நீளம் வேண்டும். நீட்டலாம் என்றால் இடம் எங்கே? ஒரு பக்கம் தொழிற்சாலைகள், இன்னொரு பக்கம் எண்ணெய் சுத்திகரிப்பு ஆலை. அதனால்தான் வெளிநாடு போகிறவர்கள் பெரும்பாலும் ஜோகன்னஸ்பர்க் போய் மாறவேண்டியிருந்தது.

நகரத்துக்கு வடக்கே லா மெர்சியில் விமான நிலையம் கட்டும் யோசனை 1970-களிலேயே வந்தது, மண்வேலையும் கொஞ்சம் நடந்தது, அப்புறம் பணமில்லை என்று அப்படியே கிடந்தது. உலகக் கோப்பைக் கால்பந்து வருகிறது என்றதும்தான் சுறுசுறுப்பு வந்தது. 2010 மே 1-ல் அங்கே கிங் ஷாகா என்ற புதிய விமான நிலையம் திறந்தது, போட்டி தொடங்கியது ஜூன் 11. ஓடுபாதை 3.7 கிலோமீட்டர்.

பழைய இடத்தைத் துறைமுகத்துக்காக வாங்கினார்கள். கடலை உள்ளே கொண்டுவந்து கப்பல் நிறுத்தப்போகிறோம் என்று பெரிய பேச்சு. அந்த நிலத்தின் ஓரத்தில் காய்கறி பயிரிட்டு வந்த நம்மவர்கள்தான் "எங்களை எங்கே போகச் சொல்கிறீர்கள்" என்று முதலில் எழுந்து நின்றார்கள். நியாயமான கேள்வி, என்னைக் கேட்டால்.

சாட்ஸ்வொர்த் ஆட்கள் எதற்கெடுத்தாலும் அழுவார்கள். எங்களுக்குப் பக்கத்தில்தானே வந்திருக்கிறது! (வாசகர், ஃபீனிக்ஸ்)

இது கேள்வியா? இருந்தாலும் போட்டுவிட்டேன், இல்லாவிட்டால் அடுத்த மாதமும் எழுதுவீர்கள். விமானச் சத்தம் இனி வடக்குப் பக்கம், அதையும் சந்தோஷமாக வைத்துக்கொள்ளுங்கள்.

மகள் டர்பனில் இருக்கிறாள். மாகாணத் தலைநகரம் என்கிறார்கள், சென்னையிலிருந்து நேர் விமானம் இல்லையா? ஊறுகாய், கறிவேப்பிலை கொண்டுவரலாமா? (வாசகி, திருநெல்வேலி)

முதலில் ஒரு திருத்தம் அம்மா. குவாசூலு-நட்டாலின் தலைநகரம் டர்பன் இல்லை, பீட்டர்மாரிட்ஸ்பர்க். 1893-ல் காந்தியை ரயிலிலிருந்து இறக்கிவிட்டார்களே, அந்த ஊர்தான். அங்கேயும் ஒரு சின்ன விமான நிலையம் இருக்கிறது, வெளிநாட்டு விமானம் வராது. கடலும் துறைமுகமும் கூட்டமும் டர்பனில் இருப்பதால் எல்லோரும் அதையே தலைநகரம் என்று நினைத்துக்கொள்கிறார்கள்.

நேர் விமானம் இல்லை. 1860-ல் ட்ரூரோ கப்பலில் வந்த நம் முன்னோர்கள் சென்னையில் ஏறி டர்பனில்தான் இறங்கினார்கள், நமக்கு அந்தக் கொடுப்பினை இல்லை! துபாய் அல்லது தோஹா வழியாக வரலாம். துபாய் விமானம் பழைய நிலையத்திலேயே 2009-ல் தொடங்கியது. லண்டனுக்கு நேரடியாக ஒன்று 2018-ல் வந்து கொரோனாவோடு போய்விட்டது.

டிக்கெட் போடும்போது மகளிடம் ஒன்று சொல்லுங்கள். ஜோகன்னஸ்பர்க் வழியாக வந்தால் குடியேற்றச் சோதனை அங்கேயே நடக்கும், பெட்டியை அங்கே எடுத்து மறுபடி உள்நாட்டு விமானத்தில் போடவேண்டும், முதல்முறை தனியாக வருகிறவர்கள் அங்கேதான் திண்டாடுவார்கள். துபாயிலிருந்து நேரே டர்பன் வந்தால் இறங்கிய இடத்திலேயே எல்லாம் முடிந்து வெளியே மகள் நிற்பாள். நூறு டாலர் கூடினாலும் இதுதான் என் ஓட்டு. விசா முன்கூட்டியே வாங்கிவிடுங்கள்.

கறிவேப்பிலை வேண்டாம். பச்சை இலை, விதை, செடி எதற்கும் அனுமதிச்சீட்டு கேட்பார்கள். தவிர, இங்கே நம்மவர் வீட்டுக் கொல்லையிலெல்லாம் கறிவேப்பிலை மரம் நிற்கிறது. உங்கள் மகளும் ஒன்று வைத்திருப்பாள், கேட்டுப் பாருங்கள்.

விமான நிலையத்தில் மன்னர் சிலை ஒன்று இருந்து காணாமல் போனதாமே? (வாசகர், வெருலம்)

காணாமல் போகவில்லை, எடுத்தார்கள். ஆன்ட்ரீஸ் போத்தா என்ற சிற்பி செய்தது. சூலு மன்னர் ஷாகாவை ஈட்டியும் கேடயமும் இல்லாமல், மாடுகளோடு நிற்கவைத்திருந்தார். "எங்கள் மன்னர் மாடு மேய்ப்பவரா" என்று அரச குடும்பத்துக்குக் கோபம். திறந்து சில வாரங்களில் மன்னரை எடுத்துவிட்டார்கள், மாடுகள் மட்டும் நின்றன. விசாரிக்காமல் செய்தால் இப்படித்தான். ஷாகா கொல்லப்பட்டது 1828-ல், நம்மில் பலர் இன்னும் ஸ்டேங்கர் என்று சொல்லும் குவாடுகூசாவில். விமான நிலையத்திலிருந்து கொஞ்ச தூரம்தான்.

சாயங்காலம் கூட்டம் கூட்டமாக வரும் குருவிகள் விமானத்தில் மோதாதா? (மாணவி, டோங்காட்)

நல்ல கேள்வி தங்கச்சி, கட்டும்போதே இதற்காகச் சண்டை நடந்தது. அது தகைவிலான் குருவி. இருபது கிராம் எடைதான், ஐரோப்பாவிலிருந்து கிட்டத்தட்ட 10,000 கிலோமீட்டர் பறந்து அக்டோபர் வாக்கில் வந்து ஏப்ரலில் திரும்பும். பகலெல்லாம் கரும்புக் காட்டில் பூச்சி பிடித்துவிட்டு, இருட்டுகிற நேரத்தில் மவுண்ட் மோர்லேண்ட் நாணல் புதரில் அடையும். 30 லட்சம் வரை என்று கணக்கு சொன்னார்கள். அந்தப் புதர் ஓடுபாதைக்குப் பக்கத்திலேயே.

புதரை அழிக்கவேண்டும் என்றார்கள், கூடாது என்று ஊர்க்காரர்களும் பறவை ஆர்வலர்களும் நின்றார்கள். கடைசியில் பறவைகளைப் பார்க்கவே தனி ரேடார் வைத்தார்கள். கூட்டம் திரண்டு எழும்பினால் அதில் தெரியும், கட்டுப்பாட்டு அறையிலிருந்து விமானியைக் காத்திருக்கச் சொல்லுவார்கள். கூட்டம் உயரத்தில் நிற்பது சில நிமிடங்கள்தான், பிறகு யாரோ பையைக் கவிழ்த்தமாதிரி மொத்தமும் நாணலுக்குள் விழுந்துவிடும்.

மேட்டில் நின்று யாரும் பார்க்கலாம். சூரியன் மறைய அரைமணி முன்னால் போ, மடக்கு நாற்காலி எடுத்துக்கொள், கொசு கடிக்கும்.