ஒன்று முதல் ஐந்து வரை: புள்ளிவிபரவியல் கேள்வி-பதில்

வினாக்கொத்தில் 1 (முற்றாக மறுக்கிறேன்) முதல் 5 (முற்றாக உடன்படுகிறேன்) வரை விடை கேட்டிருக்கிறேன். இடை (சராசரி) காணக்கூடாது என்கிறார் மேற்பார்வையாளர். சீனியர் மாணவர்கள் எல்லோரும் கண்டிருக்கிறார்களே? – மாணவி, வந்தாறுமூலை

ஒரே ஒரு கேள்விக்கு என்றால் மேற்பார்வையாளர் பக்கம்தான் நான். அந்த இலக்கங்கள் வரிசையை மட்டும்தான் காட்டுகின்றன. 'உடன்படுகிறேன்', 'முற்றாக உடன்படுகிறேன்' இரண்டுக்கும் உள்ள தூரம் மற்ற விடைகளுக்கு இடையிலும் அப்படியே இருக்கும் என்று யார் சொன்னது?

கல்முனைச் சந்தையில் வியாபாரிகள் 40 பேரிடம் 'சந்தையை வேறிடத்துக்கு மாற்றுவது நல்லது' என்ற கூற்றைக் கொடுக்கிறீர்கள் என்று வையுங்கள். 20 பேர் 1, 20 பேர் 5. இடை 3, அதாவது 'கருத்தில்லை'. அப்படி ஒருவர்கூடச் சொல்லவில்லை! இடையமும் (வரிசைப்படுத்தினால் நடுவில் வரும் பெறுமானம்) இங்கே 3தான் வரும், அதுவும் கைகொடுக்காது. ஒவ்வொரு விடைக்கும் எத்தனை வீதம் என்று சலாகை வரைபில் போட்டுவிடுங்கள். சந்தை இரண்டாகப் பிரிந்து நிற்பது பார்த்ததும் தெரியும்.

சீனியர்களையும் முழுக்கக் குறை சொல்ல முடியாது. ரென்சிஸ் லிக்கர்ட் 1932இல் கொண்டுவந்த முறையே, ஒரு விடயம் பற்றிய பல கூற்றுகளின் புள்ளிகளைக் கூட்டுவதுதான். அப்படிக் கூட்டிய மொத்தத்துக்கு இடை காண்பதைப் பலரும் ஏற்கிறார்கள். கூட்டுமுன் எதிர்மறைக் கூற்றுகளின் புள்ளிகளைத் திருப்பிப் போட (5ஐ 1 ஆக, 4ஐ 2 ஆக) மறந்துவிடாதீர்கள். எஸ்.பி.எஸ்.எஸ். என்ற புள்ளிவிபர மென்பொருள் அதைத் தானாகச் செய்யாது.

வாவி மீனவர்களின் நாளாந்தப் பிடிபாடு: இடை 8 கிலோ, நியம விலகல் (இடையைச் சுற்றித் தரவு எவ்வளவு சிதறியிருக்கிறது என்ற அளவு) 10 கிலோ. 'இடைக்கு இருபுறமும் ஒரு நியம விலகலுக்குள் 68%' என்று எழுதலாமா? – மாணவர், ஒலுவில்

வேண்டாம். 8இலிருந்து 10ஐக் கழித்துப் பாருங்கள். மீன் பிடிக்கப் போனவர் இரண்டு கிலோவை வாவிக்குள் போட்டுவிட்டா வந்தார்? உங்கள் தரவு செவ்வன் பரம்பல் (மணிவடிவப் பரம்பல்) என்றால், ஐந்தில் ஒரு பங்குப் பிடிபாடு பூச்சியத்துக்குக் கீழே போக வேண்டும். பல நாள் கொஞ்சம், சில நாள் அள்ளிக்கொண்டு வருவதுதானே தொழில். வரைபின் வால் வலப்பக்கம் நீளும். ஒன்று, இரண்டு, மூன்று நியம விலகல்களுக்குள் 68, 95, 99.7 என்பதெல்லாம் மணிவடிவ வளையிக்குரிய வீதங்கள். முதலில் வலையுருவரையம் (ஹிஸ்டோகிராம்) ஒன்றை வரைந்து பாருங்கள். அப்புறம் இடையத்தையும் காலணைகளையும் (வரிசைப்படுத்திய தரவை நான்காகப் பிரிக்கும் பெறுமானங்கள்) கொடுங்கள்.

உயர்தரத்தில் இரண்டு பாடங்களுக்கும் 70 எடுத்தால் இசட் புள்ளியும் ஒன்றுதானே? – தகப்பன், களுவாஞ்சிக்குடி

இல்லை ஐயா. புள்ளியிலிருந்து அந்தப் பாடத்தின் இடையைக் கழித்து, நியம விலகலால் வகுக்க வேண்டும். ஒரு பாடத்தின் இடை 40, நியம விலகல் 15 என்றால் 70க்கு இசட் 2. இன்னொன்றில் இடை 60, நியம விலகல் 10 என்றால் அதே 70க்கு 1தான். இன்னொன்று: இசட்டாக மாற்றியதால் கோணலான பரம்பல் செவ்வனாகிவிடாது. வடிவம் அப்படியேதான் இருக்கும்.

மாதிரிக்கு 30 பேர் போதுமா? – அக்கரைப்பற்று

அவர்களை எப்படித் தெரிந்தெடுத்தீர்கள்? கன்ரீனில் கூட இருந்த நண்பர்கள் என்றால் 300 பேரும் போதாது.

வெப்பநிலை ஏன் விகித அளவுத்திட்டம் இல்லை? – ஏறாவூர்

விகித அளவுத்திட்டத்தில் பூச்சியம் என்றால் ஒன்றுமே இல்லை என்று அர்த்தம். செல்சியஸில் 0 பாகை என்றால் வெப்பமே இல்லை என்று அர்த்தமில்லை, அது நீர் உறையும் இடம். அதனால் மட்டக்களப்பின் 30 பாகை, நுவரெலியாவின் 15 பாகையைப் போல இரு மடங்கு சூடு என்று சொல்ல முடியாது. 15 பாகை கூட என்று சொல்லலாம். கெல்வினில் அளந்தால் விகிதமும் சரி.