எண்ணெய்க் கிணற்றில் நிலத்தடி நீர் கசியாதா?

கேள்வி: காவிரிப் படுகை எண்ணெய்க் கிணறுகள் நன்னீர் அடுக்கைத் தாண்டித்தானே இறங்குகின்றன? தண்ணீர் உள்ளே கசியாதா?
– வாசகர், பெரம்பூர், சென்னை

பதில்: சிமென்ட் சரியாக உட்காராவிட்டால் கசியும். நன்னீர் அடுக்கைத் தாண்டியதும் துளையிடுவதை நிறுத்தி துளையின் சுவருக்குக் காப்பாக எஃகு கேசிங் குழாயை இறக்குவார்கள். சிமென்ட் குழம்பைக் குழாய்க்குள் செலுத்தி ரப்பர் பிளக்கால் தள்ளினால், அடிவழியாக வெளியேறி, குழாய்க்கும் பாறைக்கும் நடுவே மேலேறும். எண்ணெய்க் கிணறுகளுக்கான 'ஜி' ரகச் சிமென்ட் 100 கிலோவுக்குத் தண்ணீர் 44 லிட்டர். கண்ணளவு இங்கே ஆகாது.

கோளாறு பெரும்பாலும் குழாய் ஒருபக்கமாகச் சாய்வதில்தான். ஒடுங்கிய பக்கத்தில், துளையிடும்போது கிணற்றில் செலுத்திய சேறு வெளியேறாமல் தங்கிவிடும். பின்னால் அதுவே தண்ணீருக்கு வழி. அதனால்தான் குழாயைத் துளையின் நடுவில் நிறுத்தும் சென்ட்ரலைசர் மாட்டுகிறார்கள். இறுகியபின் அழுத்தச் சோதனை, பிறகு ஒலியலையால் பிடிப்பை அளக்கும் பாண்ட் லாக். இடைவெளி தெரிந்தால் கேசிங்கில் துளைபோட்டு, அழுத்தத்தில் சிமென்ட் செலுத்தி அடைக்க வேண்டும். செலவு பிடித்த வேலை.