மேக் அடித்தால் கணக்குப் பகுதி மட்டும் உருவாகிறதே, ஏன்?

கேள்வி: எங்கள் கூட்டுறவுச் சங்கத்தின் மென்பொருளில் இருப்பு, கணக்கு, அறிக்கை என்று மூன்று துணைக் கோப்புறைகள் இருக்கின்றன. முன்பு மேல் கோப்புறையில் மேக் (make) என்று மட்டும் அடித்தால் மூன்றும் பில்ட் ஆகும், அதாவது மூல நிரலிலிருந்து இயங்கும் மென்பொருளாக உருவாகும். மென்பொருளைச் செய்து தந்தவர் அண்மையில் ஒரு திருத்தம் அனுப்பினார். அதன் பிறகு கணக்குப் பகுதி மட்டுமே உருவாகிறது. பிழைச் செய்தி எதுவும் வருவதில்லை. சரிசெய்வதற்குத் தனிக் கட்டணம் கேட்கிறார். பேசாமல் மேக் கோப்புகளைத் தானே எழுதித் தரும் சீமேக் (CMake) கருவிக்கு மாறிவிடலாமா?
வாசகர், கோண்டாவில்

பதில்: தம்பி, கட்டணம் கொடுக்க வேண்டாம். நீங்கள் சொல்வதை வைத்துப் பார்த்தால், ஒரு வரி செய்ய வேண்டிய வேலைதான் இது.

எதைச் செய்ய வேண்டும் என்று பெயர் சொல்லாமல் மேக் என்று அடித்தால், அது மேக் கோப்பை, அதாவது எதை எப்படி உருவாக்குவது என்ற விதிகள் உள்ள கோப்பை, மேலிருந்து கீழே படித்து, முதலில் கண்ட இலக்கை, அதாவது உருவாக்க வேண்டியதன் பெயரை, எடுத்துக்கொள்ளும். அதுதான் இயல்புநிலை இலக்கு. எல்லாவற்றையும் செய்யும் இலக்குக்கு ஆல் (all) என்று பெயர் வைப்பது வெறும் வழக்கம். அந்தப் பெயருக்கு மேக்கின் கண்ணில் எந்தச் சிறப்பும் கிடையாது. எது முதலில் நிற்கிறது என்பது மட்டுமே முக்கியம். 1976இல் பெல் ஆய்வகத்தில் ஸ்டூவர்ட் ஃபெல்ட்மன் எழுதிய கருவி இது. வரிசைக்கு இவ்வளவு அதிகாரம் கொடுத்திருப்பது எனக்கு இன்றும் எரிச்சல் ஊட்டுகிறது.

திருத்தம் அனுப்பியவர் கணக்குக் கோப்புறையிலுள்ள விதிகளை, வேறொரு கோப்பை உள்ளே சேர்க்கும் இன்க்ளூட் (include) வரி போட்டு மேல் கோப்புக்குள் இழுத்திருப்பார், அதையும் கோப்பின் தலையிலேயே போட்டிருப்பார் என்பது என் ஊகம். இன்க்ளூட் செய்த கோப்பு அந்த இடத்திலேயே விரிவதால், கணக்கின் முதல் இலக்கு ஆலை முந்திக்கொண்டுவிடும். மேக்கைப் பொறுத்தவரை கேட்ட வேலை முடிந்துவிட்டது. பிறகு எப்படிப் பிழைச் செய்தி வரும்?

கோப்பின் முதல் வரியாக ஆல் என்று எழுதி, முக்காற்புள்ளி இட்டு, அப்படியே விட்டுவிடுங்கள். அதன் கீழே வேறு எதுவும் தேவையில்லை. இன்க்ளூட் வரிகள் அதற்குப் பின்னால் வரட்டும். ஆல் எவற்றைச் சார்ந்திருக்கிறது, அதாவது அதற்காக எவை முதலில் உருவாக வேண்டும் என்பதைக் கீழே வேறொரு வரியில் எழுதலாம். ஒரே இலக்கின் சார்புகள் பல வரிகளில் இருந்தாலும் மேக் அவற்றைச் சேர்த்தே எடுக்கும். இயல்புநிலை எது என்பதை மேல் கோப்புறை மட்டுமே முடிவுசெய்ய வேண்டும். துணைக் கோப்புறைகள் தங்களிடம் என்ன இருக்கிறது என்று சொல்வதோடு நின்றுகொள்ளட்டும்.

இங்கே ஒரு விதிவிலக்கு உண்டு. பலர் இதில் இடறுவதால் சற்று விரிவாகவே சொல்கிறேன். புள்ளியில் தொடங்கும் பெயர் முதல் இலக்காகக் கொள்ளப்படாது. ஆகவே புள்ளியோடு தொடங்கும் ஃபோனி (.PHONY) வரியை, அதாவது இந்தப் பெயர்கள் கோப்புகள் அல்ல, வேலைகள் என்று மேக்குக்குச் சொல்லும் வரியை, கோப்பின் தலையில் தாராளமாகப் போடலாம், அது ஆலின் இடத்தைப் பறிக்காது. கட்டாயம் போடவும் வேண்டும். கணக்கு என்ற கோப்புறை இருக்க, கணக்கு என்றே ஓர் இலக்கும் இருந்து, அது வேறெதையும் சாராமல் இருந்தால், மேக் அந்தக் கோப்புறையைப் பார்த்துவிட்டு எல்லாம் புதிதாகத்தான் இருக்கிறது என்று சும்மா இருந்துவிடும். ஃபோனி வரியில் மூன்று பெயர்களையும் சேர்த்தால் இந்தத் தொல்லை இல்லை. ஆனால் புள்ளியில் தொடங்கும் பெயருக்குள் சாய்கோடு ஒன்று இருந்துவிட்டால் விதிவிலக்கு செல்லாது. இரண்டு புள்ளியும் சாய்கோடும் போட்டு மேல் கோப்புறையைச் சுட்டும் பாதைகளை நினைத்துக்கொள்ளுங்கள். துணைக் கோப்புறையின் மேக் கோப்பில் அப்படியொரு பாதை முதல் இலக்காக நின்றால், அங்கே மேக் அடிக்கும்போது உங்கள் பகுதியை விட்டுவிட்டு அடுத்த வீட்டு வேலையைச் செய்துகொண்டிருக்கும். புள்ளி இருக்கிறதுதானே என்று நம்பி இருந்துவிடாதீர்கள்.

துணைக் கோப்புறைகளுக்குள் போய் வேலை செய்ய, ஒவ்வொன்றாகச் சென்று வரும் ஃபோர் (for) சுற்று எழுதியிருக்கிறார்களா என்றும் பாருங்கள். நடுவில் ஒரு கோப்புறை தோற்றாலும் சுற்று ஓடி முடியும். கடைசிக் கோப்புறை தேறினால் மொத்தமும் தேறியதாகவே மேக் எண்ணிக்கொள்ளும். கோப்புறைக்கு ஓர் இலக்கு வைத்து, உள்ளே மேக்கை அழைக்கும்போது அதன் பெயரை நேரடியாக எழுதாமல், டொலர் குறியிட்டு அடைப்புக்குறிக்குள் ஆங்கிலப் பெரிய எழுத்தில் மேக் என்று எழுதும் மாறியைப் பயன்படுத்துங்கள்.

இனி உங்களுக்கு இதைச் செய்து தந்தவரைப் பற்றி. யாழ்ப்பாணத்தில் நன்றாக நிரல் எழுதும் பிள்ளைகள் நிறையவே இருக்கிறார்கள். அவர்களுக்கும் சங்கங்களுக்கும் நடுவில் ஒருவர் வந்து நிற்கிறார். வேலையை எடுப்பது அவர், எழுதுவது ஒரு மாணவர். மாணவர் படிப்பு முடிந்து கொழும்புக்கோ கனடாவுக்கோ போய்விட, அடுத்த திருத்தத்தை வேறொரு மாணவர் செய்கிறார். அவர் பழைய கோப்பை முழுதாகப் படிக்காமல் தலையில் ஒரு வரியைச் சொருகுகிறார். நடுவில் நிற்பவருக்கு மேக் கோப்பைத் திறந்து பார்க்கவே தெரியாது, பற்றுச்சீட்டு மட்டும் அழகாக அடிக்கத் தெரியும். முதல் இலக்காக, உருவாக்கியவற்றை அழிக்கும் கிளீனையே (clean) வைத்து அனுப்பிய கோப்பை நான் பார்த்திருக்கிறேன். மேக் என்று அடித்த மறுகணம், பில்ட் செய்து வைத்திருந்தவை அத்தனையும் அழிந்துவிடும். ஆகவே பிறர் தந்த கோப்பில் முதன்முறை மேக் அடிக்கும்போது, கழித்தல் குறியும் ஆங்கிலச் சிறிய என் (n) எழுத்தும் சேர்த்து அடியுங்கள். எதையும் செய்யாமல், செய்யப்போவதை மட்டும் திரையில் காட்டும்.

சங்கங்களும் இதில் குற்றமற்றவை அல்ல. மூன்று விலைமனுக் கோரி, மிகக் குறைந்ததைத் தெரிவுசெய்து, கணக்காய்வுக்குக் கோப்பில் வைத்துவிட்டால் கடமை முடிந்தது என்று நினைக்கிறார்கள். மூல நிரல் யாரிடம் இருக்கிறது என்று ஒருவரும் கேட்பதில்லை. எங்கள் கணினி வகுப்புகளோ பச்சைப் பொத்தானை அமுக்கச் சொல்லிக் கொடுத்துவிட்டுச் சான்றிதழ் வழங்கிவிடுகின்றன. அந்தப் பொத்தானுக்குப் பின்னால் என்ன நடக்கிறது என்று பாடத்திட்டம் எழுதியவர்களுக்குத் தெரியுமா என்பதே எனக்குச் சந்தேகம்.

அடுத்த முறை கடைசித் தவணையைக் கொடுப்பதற்கு முன், மூல நிரல் முழுவதையும் அவர் முன்னிலையிலேயே வேறொரு கணினியில் வெற்றுக் கோப்புறை ஒன்றுக்குப் பிரதி செய்து, மேக் என்று மட்டும் அடியுங்கள். மூன்று பகுதிகளும் வந்தால் பணம், வராவிட்டால் இல்லை என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுங்கள்.

சீமேக் இப்போது வேண்டாம். அதில் துணைக் கோப்புறைகளில் நீங்கள் சேர்க்கும் நிரல்கள் தாமாகவே இயல்புநிலைப் பில்டில் சேர்ந்துவிடும், விலக்க வேண்டியதைத்தான் குறிப்பிட்டு விலக்க வேண்டும். நல்ல ஏற்பாடுதான். ஆனால் மூன்று கோப்புறைகளுக்காக அதைப் படித்து மாற்றும் நேரத்தில், இருக்கிற மேக் கோப்பை ஒருமுறை முழுதாக வாசித்துவிடலாம். மாறித்தான் ஆக வேண்டும் என்று அவர் வற்புறுத்தினால், அதற்கு எவ்வளவு கேட்கிறார் என்று முதலில் விசாரியுங்கள்.