டாங்கி மாடலுக்குத் தனி ட்ராக்: எதை வாங்குவது, எதை விடுவது?

1/35 அளவில் டாங்கி கட்டும் நண்பர்கள், கிட்டோடு (மாடலின் பாகங்கள் அடங்கிய பெட்டி) வரும் ட்ராக்கை (சக்கரங்களைச் சுற்றி ஓடும் சங்கிலிப் பட்டை) மாற்றுவது பற்றி அனுப்பிய கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்லியிருக்கிறேன். ஒரே மாதிரி வந்தவற்றைச் சேர்த்துவிட்டேன்.

கே: டைகர் 1 கட்டுகிறேன் அண்ணா. கிட்டில் ரப்பர் பட்டை மாதிரி ட்ராக் இருக்கிறது. கட்டாயம் மாற்ற வேண்டுமா?

கட்டாயம் ஒன்றும் இல்லை தம்பி. ஆனால் மாற்றினால் பலன் தெரிகிற டாங்கிகளில் டைகரும் ஒன்று. ட்ராக்கை மேலே தாங்கும் உருளைகள் அதில் கிடையாது. ட்ராக்கின் மேல்பகுதி பெரிய சக்கரங்களின் மேலேயே படுத்துக் கிடக்கும், முன்னால் ட்ராக்கை இழுக்கும் பல்சக்கரத்துக்கு ஏறும் இடத்தில் தொய்யும். ரப்பர் பட்டையோ விறைப்பாக நேர்கோட்டில் நிற்கும். பார்த்தவுடன் பொம்மை என்று காட்டிக்கொடுப்பது அதுதான். காசு செலவழிக்க மனமில்லை என்றால், சக்கரங்களின் தலையில் பட்டையை ஒட்டி, காயும்வரை பஞ்சை அடைத்து அழுத்தி வை. பாதிக் குறை தீர்ந்துவிடும்.

பக்கத் தகடுகள் மாட்டிய பான்சர் 4, சர்ச்சில் போன்றவற்றில் ட்ராக்கின் மேல்பகுதி ஏறக்குறைய கண்ணிலேயே படாது. அவற்றுக்கு விலை உயர்ந்த செட் வாங்குவதை நான் ஆதரிக்க மாட்டேன்.

கே: உலோகம், பிளாஸ்டிக், 3டி பிரிண்ட். மூன்றில் எது நல்லது?

முதலில் டாங்கியைப் பாருங்கள், பொருளை அப்புறம் பார்க்கலாம். நிஜ டாங்கியில் ட்ராக் எப்படித் தொங்குகிறது என்பதுதான் முடிவு செய்யும்.

டி-34, டைகர், பாந்தர் எல்லாம் மூட்டில் ரப்பர் உறை (புஷ்) இல்லாத, வெறும் இரும்பு ஊசியால் கோத்த ட்ராக். தளர்ந்து தொங்கும். இவற்றுக்கு ஒயிட் மெட்டல் (மென்மையான வார்ப்பு உலோகக் கலவை) ட்ராக்குக்கு இணை இல்லை. ஹங்கேரியின் ஃப்ரியுல்மாடல் இதில் பழைய கை. கண்ணிகளை, அதாவது ட்ராக்கின் தனித்தனித் துண்டுகளை, கம்பியால் கோத்து மாட்டினால் சொந்த எடையிலேயே தொய்ந்து உட்காரும், நீங்கள் ஒன்றும் செய்ய வேண்டாம். தேய்த்தால் நிஜ இரும்புப் பளபளப்பும் வரும், அதற்குப் பெயின்ட் தேவையில்லை. ஆனால் பல கண்ணிகளில் ஊசித்துளை அடைத்திருக்கும், ஒவ்வொன்றாகத் துளைக்க வேண்டும். டி-34க்கு ஒரு பக்கம் 72 கண்ணி, இரண்டு பக்கமும் 144. டைகருக்கு 96, ஆக 192. பொறுமை இல்லாதவர்கள் தள்ளியிருப்பது நல்லது. இன்னொன்று, எடை. கிட்டின் பிளாஸ்டிக் அச்சு மெலிதாக இருந்தால் ஐட்லர் சக்கரம் (பல்சக்கரத்துக்கு எதிர்முனையில் ட்ராக்கை இறுக்கிப் பிடிப்பது) சாய்ந்துவிடும். அச்சைத் துளைத்து உள்ளே பித்தளைக் கம்பி செருகிவிட்டு மாட்டுங்கள்.

பிளாஸ்டிக் கண்ணிகளில் ஒட்டிப் பூட்டுவதும் உண்டு, அசையும்படி மாட்டுவதும் உண்டு. ஜப்பானின் மாடல்காஸ்டன் அசையும் வகையில் பெயர் வாங்கியது. மெங், ப்ரோங்கோ, ரை ஃபீல்ட் ஆகியோரும் தருகிறார்கள். விவரம் கூர்மை, விலை நடுத்தரம். குறை என்னவென்றால், பசை ஒரு துளி அதிகமானால் அசையும் ட்ராக் அசையாத ட்ராக் ஆகிவிடும்.

மற்றபடி, பிரிண்ட் செய்த ரெசின் ட்ராக்தான் இப்போது என் முதல் தேர்வு. ஒரு கண்ணியை அடுத்ததில் அழுத்தினால் 'டிக்' என்று உட்காரும் வகைகளில் ஒரு மாலையில் ஒரு பக்கம் முடிந்துவிடும். ஆனால் எடை இல்லாததால் தானாகத் தொய்யாது, சக்கரத்தில் ஒட்டித்தான் தொய்வு கொண்டுவர வேண்டும். சில ரெசின்கள் நொறுங்கும் குணம் கொண்டவை. பிரிண்ட்டின்போது கண்ணியைத் தாங்கிய கம்பிகளை வெட்டும்போது அவசரப்படாதீர்கள். தேய்க்கும்போது தண்ணீர் தொட்டுத் தேயுங்கள், முகக்கவசம் போடுங்கள். அந்தத் தூசி நுரையீரலுக்கு ஆகாது.

கே: ஜெர்மன் ட்ராக் பெட்டிகளில் 'கேஜிஎஸ் 61/400/120' என்று போட்டிருக்கிறதே, அது என்ன சார்?

கடைசி இரண்டு எண்களைப் பிடித்துக்கொண்டால் போதும். 400 என்பது ட்ராக்கின் அகலம், 120 என்பது ஒரு ஊசியிலிருந்து அடுத்த ஊசிக்கான தூரம். இரண்டும் மில்லிமீட்டரில். இது பான்சர் 3, 4 குடும்பத்துடையது. பாந்தர் 64/660/150, டைகர் 1 63/725/130. எந்த எண்ணையும் 35ஆல் வகுத்து ஸ்கேலால் அளந்து பாருங்கள். டைகர் ட்ராக் 20.7 மி.மீ. அகலம் வர வேண்டும், பாந்தர் 18.9.

பான்சர் 4இல் 'ஈ' வகைவரை 380 மி.மீ., 1941இல் வந்த 'எஃப்' முதல் 400 மி.மீ. நம் அளவில் இந்த வித்தியாசம் அரை மில்லிமீட்டரைச் சற்றே தாண்டும். அகலத்தை யாரும் கண்டுபிடிக்க மாட்டார்கள். கண்ணியின் முகத்தில் உள்ள வடிவம் மாறுவதைத்தான் விவரம் தெரிந்தவர்கள் பிடிப்பார்கள். டைகரிலும் அப்படித்தான். 1943 இறுதி வாக்கில் பனியில் சறுக்காமல் இருக்கக் கண்ணியின் முகத்தில் மேடுகள் சேர்த்தார்கள். 1943 தொடக்கத்தில் துனிசியாவில் போரிட்ட டைகருக்கு அந்த மேடு வைத்த ட்ராக்கை மாட்டினால் தப்பு. பெட்டிப் படத்தை நம்பாமல், நீங்கள் கட்டும் வண்டியின் ஆண்டையும் புகைப்படத்தையும் வைத்து வாங்குங்கள்.

கே: ஷெர்மனுக்கு ஏன் இத்தனை வகை? தலை சுற்றுகிறது.

சுற்றத்தான் செய்யும். டி48 ரப்பரில் 'வி' வடிவ மேடு, டி51 வழவழப்பான ரப்பர், டி54இ1 இரும்பில் 'வி', டி49 இரும்பில் இணைகோடுகள். இவையெல்லாம் பழைய செங்குத்து ஸ்பிரிங் சஸ்பென்ஷனுக்கு. 1944 டிசம்பரில் ஐரோப்பாவுக்கு வந்த 'ஈஸி எய்ட்' என்ற பிற்கால ஷெர்மனுக்கு 23 அங்குல அகல ட்ராக், பெரும்பாலும் டி66. அதே வண்டியைக் கொரியப் போர்க் கோலத்தில் கட்டினால் டி80 அல்லது டி84 பாருங்கள்.

எண்ணிக்கையிலும் ஒரு கண்ணி இருக்கிறது. சாதாரண ஷெர்மனுக்கு ஒரு பக்கம் 79. எம்4ஏ4க்கு மட்டும் 83. ஐந்து கார் என்ஜின்களை ஒன்றாகப் பிணைத்த கிறைஸ்லர் என்ஜினை உள்ளே அடக்க உடலை நீட்டினார்கள், அதனால் ட்ராக்கும் நீண்டது. பிரிட்டிஷ்காரர்களின் ஃபயர்ஃப்ளை விசி என்ற ஷெர்மனும் இந்த உடல்தான். இவற்றுக்கு வாங்கும் செட்டில் 166 கண்ணி இருக்கிறதா என்று முதலில் எண்ணுங்கள்.

ஷெர்மனுக்கு உலோக ட்ராக் தேவையில்லை என்பது என் கருத்து. ரப்பர் புஷ் வைத்த ட்ராக் இறுக்கமாக, உருளைகளின் மேல் ஓடும். எடையால் தொய்கிற அழகு இங்கே வீண், பிளாஸ்டிக்கோ பிரிண்ட்டோ போதும். அப்புறம், டி48க்கு வெள்ளி நிறத்தில் தேய்த்துவிடாதீர்கள். தரையைத் தொடுவது ரப்பர். ஓரத்து இணைப்பு இரும்புகளும் அவற்றிலுள்ள பற்களும் மட்டும்தான் மின்னும்.

கே: ஆவடியில் தயாரான அஜேயா கட்டப் போகிறேன். டி-55 ட்ராக் ஒன்று கையில் இருக்கிறது, மாட்டலாமா?

அகலம் இரண்டுக்கும் 580 மி.மீ.தான், அதனால்தான் இந்த ஆசை வருகிறது. ஆனால் பழைய டி-55 ட்ராக் ஓஎம்எஸ்எச், ரப்பர் இல்லாத திறந்த இரும்பு மூட்டு. அஜேயா என்பது டி-72, அதற்கு ரப்பர் புஷ் வைத்த ஆர்எம்எஸ்எச். இரண்டும் பார்வைக்கே வேறு. பல்சக்கரமும் வேறு, ஓஎம்எஸ்எச்சுக்கு 13 பல், ஆர்எம்எஸ்எச்சுக்கு 14. கையில் இருப்பதை டி-55க்கே வைத்துக்கொள்ளுங்கள். பிற்காலத்தில் ஆர்எம்எஸ்எச்சுக்கு மாறிய டி-55களும் உண்டு. அந்த வண்டியைக் கட்டுகிறவர்கள் பல்சக்கரத்தையும் சேர்த்து மாற்ற வேண்டும்.

கே: சரியான டாங்கிக்குச் சரியான செட் வாங்கினேன். ஆனாலும் பல்லில் உட்காரவில்லை.

கிட் ஒரு கம்பெனி, ட்ராக் இன்னொரு கம்பெனி. ஊசித் தூரத்தில் மயிரிழை வித்தியாசம் இருந்தாலும் நாலைந்து பல் தாண்டும்போது சேர்ந்து பெரிதாகும். பத்துக் கண்ணியை மட்டும் கோத்துப் பல்சக்கரத்தில் சுற்றிப் பாருங்கள், முழுதும் கோத்த பிறகு அல்ல. ஒத்துவரவில்லை என்றால் பற்களின் பக்கங்களை லேசாக அரத்தால் தேய்க்கலாம். சில செட்களில் பல்சக்கரமும் சேர்த்தே தருகிறார்கள், அது இருந்தால் அதையே மாட்டுங்கள்.

கே: உலோக ட்ராக்கைப் பெயின்ட் அடிக்காமல் கறுப்பாக்குவது எப்படி?

அசிட்டோனில் கழுவி எண்ணெய்ப் பசையைப் போக்கிவிட்டு, கறுப்பாக்கும் ரசாயனத்தில் முக்குங்கள். கையுறை வேண்டும், ஜன்னல் திறந்திருக்க வேண்டும். நிறம் ஏறியதும் தண்ணீரில் நன்றாக அலசி உலர்த்துங்கள். கோத்தபின் முக்குவதுதான் எளிது.

கே: 1/72க்கும் இதெல்லாம் உண்டா?

உண்டு, ஆனால் அந்த அளவில் நான் கிட் ட்ராக்கோடு நிறுத்திக்கொள்வேன். கண் வலிக்கும்.

கே: பழைய கிட்டில் ரப்பர் ட்ராக் பட்ட இடத்தில் சக்கரம் உருகிவிட்டது. ஏன்?

சில வினைல்களில் கலந்திருக்கும் மென்மையூட்டி மெல்லக் கசிந்து பாலிஸ்டைரீனைத் தின்னும். பெட்டிக்குள் ட்ராக்கைத் தனிப் பையில் போட்டு வையுங்கள். கட்டி முடித்த மாடலில் சக்கரத்துக்குப் பெயின்ட் முழுதாக ஏறியிருந்தால் ஓரளவு தாங்கும்.

கே: டைகருக்கு இடப்பக்கம் 96 கண்ணி வந்தது, வலப்பக்கம் 95இலேயே முட்டுகிறது. பிரித்துச் செய்யட்டுமா?

வேண்டாம். நிஜ வண்டியிலும் ஊசிகள் தேய்ந்து ட்ராக் நீண்டால் ஒரு கண்ணியைக் கழற்றி எறிவார்கள். ஐட்லர் சக்கரத்தைச் சற்று முன்பின் நகர்த்த இடம் வைத்துக்கொண்டால் இரண்டு பக்கமும் ஒத்துப்போகும். மீந்த கண்ணியைக் கோபுரத்தின் பக்கத்தில் மாட்டிவிடுங்கள், பல டைகர்களில் அதற்குக் கொக்கி இருக்கும்.