நிலக்கரியை விட்ட ஹெல்சிங்கி, குளிர்காலத்துக்குச் சக்தியை எதில் சேமிக்கிறது? பேட்டரியிலா?

பெரும்பகுதி வெந்நீரில்தான். பின்லாந்தின் தலைநகரான ஹெல்சிங்கிக்கு மின்சாரத்தைவிடப் பெரிய கவலை வீடுகளைச் சூடாக வைப்பது. ஆலையில் காய்ச்சிய நீர் தெருவுக்கடியில் குழாய்களில் ஓடி வீடுகளுக்குச் சூட்டைக் கொடுத்துவிட்டுத் திரும்பும். முன்பு அதைக் காய்ச்சியதில் நிலக்கரிக்குப் பெரும்பங்கு. ஹனாசாரி ஆலை 2023-இல் மூடப்பட்டது. 2025 ஏப்ரலில் சால்மிசாரியிலும் நிலக்கரி நின்றது.

சரி, சேமிப்பு எங்கே? முஸ்டிக்காமா என்ற தீவில், பாறையைக் குடைந்து முன்பு எண்ணெய் வைத்திருந்த குகைகளில் இப்போது சுமார் 26 கோடி லிட்டர் நீர் இருக்கிறது. சூடு மிஞ்சும்போது அதில் ஏற்றி, குளிர் கடிக்கும்போது எடுக்கிறார்கள். கொள்ளளவு சுமார் 1.16 கோடி யூனிட்! இவ்வளவு பெரிய நீர்த்தொகுதி சீக்கிரம் ஆறாது. அண்டா வெந்நீர் டம்ளர் வெந்நீரைவிட மெதுவாக ஆறுமே, அதே கணக்கு.

எனக்கு மிகவும் பிடித்தது சாக்கடைச் சூடு. நீங்கள் குளித்த வெந்நீர், பாத்திரம் கழுவிய நீர் எல்லாம் இளஞ்சூட்டோடுதான் வெளியேறும். கத்ரி வாலா பூங்காவுக்கடியில் உள்ள வெப்ப பம்புகள் சுத்திகரித்த கழிவுநீரிலிருந்து அந்தச் சூட்டை உறிஞ்சி, மறுபடி வீடுகளுக்கே அனுப்புகின்றன. அப்புறம், காற்றாலை மின்சாரம் மலிவாகும் நேரத்தில் மின்கொதிகலன்களும் நீரைக் காய்ச்சுகின்றன.

ஒரு குறை: இன்னமும் விறகுச் சில்லுகளை எரிக்கிறார்கள். புகைபோக்கியிலிருந்து கரியமில வாயு வரத்தான் செய்கிறது. வெட்டிய மரம் மீண்டும் வளரப் பல பத்தாண்டுகள் ஆகும்.