நீங்கள் தேடுவது அமெரிக்கன் கிராஃபிட்டி

ஒரு ஆங்கிலப் படத்தைத் தேடுகிறேன், பெயர் தெரியவில்லை, ஒரே ராத்திரியில் நடக்கும் கதை, பையன்கள் காரில் ஊரைச் சுற்றுவார்கள், ரேடியோவில் பாட்டு ஓயாது, 1976இல் நடக்கிற டேஸ்ட் அண்ட் கன்ஃபியூஸ்ட் படத்தைப் பார்த்தேன், அது இல்லை என்று எழுதியிருந்தீர்கள். சரி, அப்படியென்றால் ஜார்ஜ் லூகாஸ் 1973இல் எடுத்த அமெரிக்கன் கிராஃபிட்டிதான். கதை நடப்பது 1962, கலிஃபோர்னியாவின் மொடெஸ்டோ, லூகாஸின் சொந்த ஊர். உறுதி செய்ய முடிவைப் பாருங்கள்: நான்கு பையன்களும் பிற்பாடு என்ன ஆனார்கள் என்று எழுத்தில் வரும், ஒருவன் குடிபோதையில் வண்டி ஓட்டியவனால் செத்துப்போகிறான், இன்னொருவன் வியட்நாமில் காணாமல் போகிறான். அதுவரை சிரித்துக்கொண்டிருந்த எனக்கு அந்த நாலு வரியில் தொண்டை அடைத்துவிட்டது. அப்புறம், ஹாரிசன் ஃபோர்டு சின்ன வேடத்தில் கார்ப் பந்தயத்துக்கு வருவார், விட்டுவிடாதீர்கள்.