முதல் ரோடு பைக்கிலிருந்து அடுத்த வண்டிக்கு: கேள்வி பதில்

ஆரம்ப நிலை ரோடு பைக்கை நன்றாக ஓட்டித் தேய்த்துவிட்டு, அடுத்த படிக்குப் போக நினைப்பவர்கள் அனுப்பிய கேள்விகள் இவை. ஒரே மாதிரி வந்தவற்றைச் சேர்த்துவிட்டேன். 'எந்தக் கம்பெனி நல்லது?' என்று கேட்டவர்கள் மன்னிக்கவும். ஒரே விலைத்தட்டில் பெரிய கம்பெனிகளுக்குள் இருக்கும் வித்தியாசம் சின்னது. சைஸ் தப்பிப்போனால் வரும் வித்தியாசம் பெரியது. அதைப் பற்றி நிறையவே எழுதியிருக்கிறேன்.

அண்ணா, ஷிமானோ கிளாரிஸ் 8 ஸ்பீடு கியர் போட்ட அலுமினிய வண்டி வச்சிருக்கேன், பத்தரைக் கிலோ. எட்டரைக் கிலோ வண்டிக்கு மாறினா எவ்வளவு வேகம் கூடும்?

தம்பி, சமதரையில் எடை குறைவதால் கூடும் வேகம் கண்ணுக்கே தெரியாது. மணிக்கு 30 கிமீ வேகத்தில் அந்த இரண்டு கிலோவை உருட்டிக்கொண்டு போக ஆகும் கூடுதல் சக்தி ஒரு வாட்டுக்கும் கீழே. அந்த வேகத்தில் உங்கள் உழைப்பில் பெரும்பகுதியைக் காற்றுதான் தின்கிறது. காற்றை மறித்து நிற்பதோ முக்கால்வாசி உங்கள் உடம்பு. முழங்கையை மடக்கிக் குனிந்து ஓட்டப் பழகினால் கிடைப்பதை எந்த ஃபிரேமும் தராது.

ஏற்றத்தில் கணக்கு வேறு. நீங்கள், வண்டி, தண்ணீர் பாட்டில் எல்லாம் சேர்ந்து 82 கிலோ என்று வைத்துக்கொள்வோம். இரண்டு கிலோ குறைந்தால் அது சுமார் இரண்டரை சதவீதம். ஒரு மணி நேரம் ஏறும் செங்குத்தான மலைப்பாதையில் ஒன்றரை நிமிடம் மிச்சமாகும். போட்டிக்குப் போகிறவருக்கு அது பெரிது. மற்றவர்களுக்கு எப்படி என்பதை அவரவரே சொல்ல வேண்டும்.

அதற்கு முன் டயரைப் பாருங்கள். ஆரம்ப நிலை வண்டிகளோடு வரும் கம்பி விளிம்பு டயர்கள் தடிப்பானவை. நல்ல மென்மையான டயர் ஜோடி போட்டால் 30 கிமீ வேகத்தில் பத்துப் பதினைந்து வாட் வரை மிச்சமாகும். புது வண்டி வாங்கும்போது அந்த டயரைக் கழற்றி அதில் மாட்டிக்கொள்ளலாம்.

அப்போ புது வண்டியே வேண்டாம்கிறீங்களா?

இல்லை. கழற்றி மாட்ட முடியாதவற்றுக்காக வாங்குங்கள் என்கிறேன். ஃபிரேமில் எவ்வளவு அகலமான டயர் போகும், எந்த பிரேக் பொருந்தும், எந்த ஆக்சில், கைப்பிடி எவ்வளவு உயரத்தில் நிற்கும்: இந்த நான்கும் ஃபிரேமோடு பிறந்தவை. டயர், சீட், பெடல், ஹேண்டிலை ஃபிரேமோடு இணைக்கும் ஸ்டெம் எல்லாம் பிறகு மாற்றிக்கொள்ளக் கூடியவை. இப்போதைய வண்டியில் எது உங்களுக்கு இடிக்கிறது என்று ஒரு தாளில் எழுதுங்கள். எழுதியதெல்லாம் இரண்டாவது வகையில் விழுந்தால் வண்டி மாற்றத் தேவையில்லை.

என் கிளாரிஸ் வண்டியிலேயே ஷிமானோவோட மேல்நிலை கியர், பிரேக் தொகுப்பான 105 க்ரூப்செட் போட்டுக்கலாமா? ஃபிரேம் நல்லாத்தான் இருக்கு.

இந்த ஒரே கேள்வி அரை டஜன் பேரிடமிருந்து வந்திருக்கிறது. செய்யலாம், ஆனால் செய்யாதீர்கள். 8 ஸ்பீடிலிருந்து தாவினால் கியர் மாற்றும் ஷிஃப்டர், செயினை ஒரு பல்சக்கரத்திலிருந்து இன்னொன்றுக்குத் தள்ளும் முன் பின் டிரெயிலர் (derailleur), பின் பல்சக்கரத் தொகுதியான கேசட், செயின் எல்லாம் ஒன்றாக மாற வேண்டும். கூடவே பெடலைத் தாங்கும் கிராங்கும். 105 இப்போது 12 ஸ்பீடு. 2022இல் மின் கியர் வடிவம் முதலில் வந்தது, கம்பி இழுக்கும் வடிவம் 2023இல் வந்தது. பழைய 11 ஸ்பீடு 105 கிடைத்தாலும் வீலில் வந்து முட்டும். பின் வீலில் கேசட் மாட்டும் பகுதிக்கு ஃப்ரீஹப் என்று பெயர். 8, 9, 10 ஸ்பீடு காலத்து ஃப்ரீஹப் உடலைவிட 11 ஸ்பீடு ரோடு ஃப்ரீஹப் சுமார் 1.8 மிமீ நீளம். பழைய ஹப்பில் சாதாரண 11 ஸ்பீடு ரோடு கேசட் உட்காராது. ஆக வீலும் போச்சு. கடைசியில் பழைய ஃபிரேம் ஒன்று மிஞ்சும், அதில் மாட்டியது எல்லாம் புதிதாக இருக்கும். தனித்தனியாக வாங்கும் பாகங்களின் கூட்டு விலை எப்போதும் முழு வண்டியில் அவற்றுக்கு விழும் விலையைவிட அதிகம்.

கேபிளையும் அதன் உறையையும் மாற்றி, பின் டிரெயிலரைத் தாங்கும் ஹேங்கர் வளைந்திருந்தால் நிமிர்த்திப் பாருங்கள். 'கியர் சரியாக விழவில்லை' என்று வரும் வண்டிகளில் பாதி அதிலேயே சரியாகிவிடும்.

மலை ஏறும்போது கால் செத்துப்போகுது. கியர் எண்ணிக்கை கூடினா சரியாகுமா?

எண்ணிக்கையைப் பார்க்காதீர்கள், பின்னால் பெரிய பல்சக்கரத்தில் எத்தனை பல் என்று பாருங்கள். முன்னால் 34, பின்னால் 28 பல் இருக்கும் வண்டியில் நிமிடத்துக்கு 60 சுற்று மிதித்தால் மணிக்குச் சுமார் 9.3 கிமீ வேகத்தில் போவீர்கள். 8 சதவீத ஏற்றத்தில், மொத்தம் 80 கிலோவோடு, புவியீர்ப்பை எதிர்க்க மட்டும் 160 வாட்டுக்கு மேல் வேண்டும். அவ்வளவு சக்தி இல்லாதவர் 60 சுற்றைக்கூடத் தக்கவைக்க முடியாமல் நின்று மிதிப்பார், முழங்கால் வலிக்கும். பின்னால் 34 பல் இருந்தால் அதே 60 சுற்றில் 7.7 கிமீ, சக்தி 135 வாட் அளவில் முடியும். மெதுவாகத்தான் போவீர்கள், ஆனால் உட்கார்ந்துகொண்டே போவீர்கள்.

இன்றைய நடுத்தர வண்டிகள் பலவற்றில் முன்னால் 50, 34 பல் சக்கரங்களும், பின்னால் 11 பல்லிலிருந்து 34 அல்லது 36 பல் வரையும் வருகிறது. உங்கள் பழைய டிரெயிலர் 32 அல்லது 34 பல்லை ஏற்குமா என்று முதலில் பாருங்கள். ஏற்றால் கேசட்டும் செயினும் மாற்றுவதோடு வேலை முடிந்தது.

ரிம் பிரேக்கா, டிஸ்க்கா?

புதிதாக வாங்கினால் டிஸ்க், அதிலும் எண்ணெய் அழுத்தத்தில் இயங்கும் ஹைட்ராலிக். சர்வதேசச் சைக்கிள் சங்கமான யூசிஐ 2018இல் ரோடு பந்தயங்களில் டிஸ்க்கை அனுமதித்த பிறகு கம்பெனிகள் அந்தப் பக்கமே போய்விட்டன. நல்ல ரிம் பிரேக் காய்ந்த ரோட்டில் எதற்கும் குறைந்ததில்லை என்பது என் கட்சி. ஆனால் மழையிலும் நீண்ட இறக்கத்திலும் டிஸ்க்கோடு வாதாட முடியாது. அகல டயருக்கும் இடம் கிடைக்கும். ஒன்று மட்டும் நினைவிருக்கட்டும்: டிஸ்க் வண்டியின் ஆக்சில் வீல் மையத்தை ஊடுருவித் திருகும் 12 மிமீ த்ரூ ஆக்சில், பின்பக்க அகலம் 142 மிமீ. ரிம் பிரேக் வண்டியில் அது 130. பழைய வீலை இதில் போட முடியாது.

கார்பன் ஃபிரேம்தான் சொகுசா இருக்குமாமே, உண்மையா சார்?

நல்ல கார்பன் நல்ல அலுமினியத்தைவிட லேசானது. சொகுசு பெரும்பாலும் டயரில் இருக்கிறது. 25 மிமீ டயரில் 100 பி.எஸ்.ஐ. அடித்துக்கொண்டு கார்பன் ஃபிரேமில் போகிறவரைவிட, அலுமினிய ஃபிரேமில் 30 மிமீ டயரை 65இல் வைத்து ஓட்டுகிறவர் சுகமாகப் போவார். அதே பணத்துக்கு மட்டமான வீல் போட்ட கார்பன் வண்டியும், நல்ல வீலும் 105உம் போட்ட அலுமினிய வண்டியும் இருந்தால் நான் இரண்டாவதைத்தான் எடுப்பேன். பலர் ஒப்புக்கொள்ள மாட்டார்கள் என்று தெரியும்.

அக்கா ஒருத்தி கேக்குறேன். உயரம் 155 செமீ. இப்போ இருக்கிற வண்டி 48 சைஸ். ஒரு மணி நேரத்துல உள்ளங்கை மரத்துப் போகுது, கழுத்து வலிக்குது. அடுத்ததும் 48 தான வாங்கணும்?

அக்கா, 48 என்ற எண்ணை மறந்துவிடுங்கள். ஒரு கம்பெனியின் 48 இன்னொன்றின் 50 ஆக இருக்கும், மூன்றாவது கம்பெனி அதையே எக்ஸ்எஸ் என்று போடும். கம்பெனிகள் வெளியிடும் அளவு அட்டவணையில் ஸ்டாக், ரீச் என்ற இரண்டை மட்டும் எடுங்கள். கிராங்க் சுழலும் அச்சின் மையத்திலிருந்து, ஹேண்டில் பொருந்தும் முன் குழாயான ஹெட் டியூபின் மேல்நுனி மையம்வரை செங்குத்தாக எவ்வளவு என்பது ஸ்டாக். கிடையாக எவ்வளவு என்பது ரீச். உங்கள் இப்போதைய ஃபிரேமின் எண்களையும் தேடி எழுதிக்கொள்ளுங்கள். ஸ்டெம்முக்கு அடியில் எத்தனை வளையம் இருக்கிறது, ஸ்டெம் நீளம் என்ன என்பதையும் குறியுங்கள். ஒப்பிடும்போது இவை எல்லாம் சேர்ந்தால்தான் கை எங்கே போய் விழும் என்பது தெரியும்.

உள்ளங்கை மரப்பதும் கழுத்து வலிப்பதும் பெரும்பாலும் கைப்பிடி எட்டாத தூரத்தில் அல்லது தாழ்வாக இருப்பதன் அறிகுறி. சீட்டின் முனை கீழே சாய்ந்திருந்தாலும் உடம்பு முன்னே சரிந்து எடை கைக்கு வரும். அதை முதலில் மட்டமாக்கிப் பாருங்கள், செலவில்லாத வேலை. பிறகு ஸ்டெம்மைப் பத்து மிமீ குட்டையாக்கிப் பாருங்கள். அதில் சரியானால் அடுத்த வண்டியில் தேட வேண்டிய ரீச் உங்களுக்கே தெரிந்துவிடும். நீண்ட தூரச் சவாரிக்கான எண்டியூரன்ஸ் வகை ஃபிரேம்களில் ஸ்டாக் கூடுதலாகவும் ரீச் குறைவாகவும் இருக்கும். உங்களுக்கு அந்த வரிசைதான்.

சின்ன சைஸில் இன்னும் இரண்டு விஷயம். கிராங்க் 170 மிமீ இருந்தால் 165 தரச் சொல்லிக் கேளுங்கள், முழங்காலுக்கு நல்லது. கடையில் ஓட்டிப் பார்க்கும்போது பெடல் முன்னால் இருக்கும்போது ஹேண்டிலைத் திருப்பி ஷூ நுனி முன் டயரில் படுகிறதா என்றும் பாருங்கள். சிறிய ஃபிரேம்களில் இது சகஜம், வேகமாகப் போகும்போது தொந்தரவில்லை. மெதுவாகத் திரும்பும்போதுதான் கவிழ்த்துவிடும்.

எலக்ட்ரானிக் கியர் தேவையா?

தேவையில்லை. வைத்திருப்பவர்கள் விடமாட்டார்கள், அதுவும் உண்மை. கை சிறியவர்களுக்கும் விரல் வலி உள்ளவர்களுக்கும் நிஜமாகவே உதவும். சார்ஜ் போட மறக்கும் ரகம் என்றால் கம்பி கியரோடு இருங்கள்.

கேபிள் எல்லாம் ஹெட்செட் வழியா உள்ளேயே போற வண்டி பாத்தேன், ரொம்ப அழகா இருக்கு.

அழகுதான். ஹெட்செட்டின், அதாவது ஹேண்டில் திரும்பும் இடத்தின், மேல் பேரிங் துருப்பிடித்தால் அழகு தெரியாது. சில வடிவமைப்புகளில் அந்தச் சின்ன பேரிங்கை மாற்றவே பிரேக் குழாயைக் கழற்றி, எண்ணெய் விட்டு, காற்று நீக்கி எல்லாம் செய்ய வேண்டும். ஸ்டெம் மாற்றுவதும் அப்படியே. உட்காரும் நிலை இன்னும் கைகூடாதவர்கள் ஃபிரேமுக்குள் மட்டும் கேபிள் ஓடும் வகையை வாங்குங்கள்.

பழைய கார்பன் வண்டி நல்ல விலைக்கு வருது. எதைப் பாக்கணும்?

முதலில் ரசீதும் ஃபிரேமின் அடியில் பொறித்த எண்ணும். ஒத்துப்போகாவிட்டால் நடையைக் கட்டுங்கள். அடுத்து துடைத்துச் சுத்தம் செய்த வண்டியை வெளிச்சத்தில் பாருங்கள். கிராங்க் அச்சுப் பகுதி, செயின் பக்கத்துக் குழாய், ஹெட் டியூபின் கீழ்ப்பக்கம், சீட் போஸ்ட் இறுகும் இடம். பெயின்டில் கோடு தெரிந்தால் அங்கே நாணயத்தால் தட்டுங்கள். சுற்றிலும் வரும் கணீர் ஓசை அங்கே மட்டும் மொத்தென்று மாறினால் உள்ளே இழை விட்டிருக்கலாம். ஓசை சரியாக இருந்தாலும் அது முழு உத்தரவாதம் ஆகாது. சந்தேகம் என்றால் விட்டுவிடுங்கள். சீட் போஸ்ட்டைத் தளர்த்தி அசைத்துக் காட்டச் சொல்லுங்கள், சிக்கிக்கொண்ட போஸ்ட் பெரிய தலைவலி. செயின் அளவுகோல் வைத்துப் பாருங்கள். 11, 12 ஸ்பீடு செயின் தேய்ந்து 0.5 சதவீதத்துக்கு மேல் நீண்டிருந்தால் மாற்ற வேண்டும். ரொம்பவே தாண்டியிருந்தால் கேசட்டும் போயிருக்கும், அந்தத் தொகையை விலையில் கழியுங்கள். ஆயுள் உத்தரவாதம் என்பார்கள். பெரும்பாலும் அது முதல் உரிமையாளருக்கு மட்டும்தான்.

கார்பன் வீல் முதல்லயே வாங்கிடலாமா?

ஒரு வருஷம் ஓட்டிவிட்டு யோசியுங்கள். வாங்கினால், டயரைப் பிடிக்கும் கொக்கி விளிம்பு இல்லாத ஹூக்லெஸ் ரிம்மா என்று கேளுங்கள். அதில் காற்று 5 பார், அதாவது 72 பி.எஸ்.ஐ. தாண்டக்கூடாது, டயரும் அதற்கு ஏற்றதாக இருக்க வேண்டும்.

பெடல் வண்டியோட வருமா?

நடுத்தர வண்டிகளில் பெரும்பாலும் வராது. பழையதைக் கழற்றி மாட்டுங்கள். இடது பெடல் கடிகார திசையில் கழலும்.

பழைய வண்டியை வித்துடவா, வச்சுக்கவா?

இடம் இருந்தால் வைத்துக்கொள்ளுங்கள். மழை நாளுக்கும், வீட்டுக்குள் நின்ற இடத்திலேயே மிதிக்க உதவும் டிரெயினருக்கும் அது போதும். விற்பதானால் நீங்கள் மாட்டிய நல்ல டயர், சீட் எல்லாவற்றையும் கழற்றிவிட்டு முதலில் வந்த பாகங்களைத் திரும்பப் போடுங்கள். கூடுதல் பாகங்களுக்கு யாரும் விலை தரமாட்டார்கள். புது வண்டியில் முதல் சில வாரத்தில் கியர் கேபிள் தளரும், அதைக் கடையில் காட்டி இறுக்கிக்கொள்ளுங்கள். ஸ்டெம், சீட் கிளாம்ப் போல்ட்டுகளை அவற்றின் மேல் எழுதிய அளவுக்கு இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச் வைத்தே இறுக்க வேண்டும்.